பழைய தையல் மெஷின் வாங்கப் போறீங்களா? பேரைப் பார்க்காதீங்க, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்க!

மலையேறப் போகிறவர்களுக்கு முதுகுப் பை, மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் தொங்கும் பை, மழை உறை, கூடாரம் - இவற்றை வீட்டிலேயே தைத்து நாலு காசு பார்க்கலாம் என்று பழைய தையல் மெஷின் தேடி அலைபவர்கள் உண்டு. புதுசை விடப் பழசு மலிவு. பழைய இரும்பு பலமானது என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் சேமிப்புப் பணம் கரைந்து போகிறது.

சென்னையில் பழைய சாமான் என்றால் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்தான். அது 1985-ல் தீக்கிரையானது. ஆனால் பழைய சாமான் வியாபாரியின் வாய்ச் சாமர்த்தியம் மட்டும் எரியவில்லை!

"வெள்ளைக்காரன் காலத்து சிங்கர் சார்! இந்த இரும்பு இப்ப எங்க கிடைக்குது? தோலே தைக்கும்!" என்பார்.

உடனே பர்சைத் திறந்து விடக்கூடாது.

அபூர்வப் பொருளா?

சிங்கர் மெஷினின் அடித்தட்டில் எண் பொறித்திருக்கும். அதைக் கொண்டு செய்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் வயசுக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரில் இருந்த சிங்கர் ஆலை ஒன்றே ஒரு காலத்தில் வருடத்துக்குப் பத்து லட்சம் மெஷினுக்கு மேல் செய்து தள்ளியது. 1980-ல்தான் அது மூடப்பட்டது.

2009 ஏப்ரலில் சவூதி அரேபியாவில் ஒரு கூத்து நடந்தது. சிங்கர் மெஷினுக்குள் "சிவப்புப் பாதரசம்" இருக்கிறது, அது புதையலைக் காட்டும் என்று புரளி கிளம்பியது. ஒரு மெஷினுக்கு 2 லட்சம் ரியால் வரை விலை பேசினார்கள்! கடைசியில் எல்லாம் வெறும் புரளி.

கையால் சுற்றுங்கள்

முதலில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடினால் நல்லது. இறுக்கமாக இருந்தாலும் பயமில்லை. பழைய எண்ணெய் காய்ந்து போயிருக்கும். சுத்தம் செய்து மெஷின் எண்ணெய் விட்டால் சரியாகலாம். ஆனால் ஒரே இடத்தில் 'டக்'கென்று முட்டினால், கைவிட்டு விடுவது நல்லது.

ஊசி பிடிக்கும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கடகடவென்று ஆடினால் தேய்மானம். துணியை நகர்த்தும் பல் கூர்மையாக இருக்கிறதா? பாபினும் அதன் கேஸும் கூடவே தருகிறார்களா? இதெல்லாம் முக்கியம்.

சில மிகப் பழைய மாடல்களுக்கு ஊசியே எளிதில் கிடைக்காது. 1960-களுக்குப் பிறகு வந்த சில மாடல்களில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். வயசானால் விரிசல் விடும். மோட்டார் வைத்ததாக இருந்தால் ஒயரைப் பார்க்கணும். மேலுறை வெடித்திருந்தால் ஷாக் அடிக்கும்.

பெயிண்ட் உதிர்ந்தது, கால் மெஷினின் தோல் பெல்ட் அறுந்தது - இவை பெரிய குறையல்ல. பெல்ட்டை மாற்றிக்கொள்ளலாம். விலையைக் குறைக்கச் சொல்ல ஒரு சாக்காகவும் ஆயிற்று!

துணி உங்களுடையது

முக்கியமான சோதனை இதுதான். கடைக்காரர் நீட்டும் மெல்லிய துணியில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். நீங்கள் தைக்கப்போகும் பைத் துணியையும், தோள் பட்டையையும், நூலையும் கையோடு கொண்டு போங்கள். நாலு மடிப்பு வைத்துத் தைத்து, மேல் பக்கம், கீழ்ப் பக்கம் இரண்டையும் பாருங்கள். நூல் சுருண்டு தொங்கினாலோ, தையல் விட்டு விட்டு விழுந்தாலோ யோசிக்க வேண்டும்.

கனத் துணிக்கு 16 அல்லது 18 நம்பர் ஊசி. நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் மழையில் மக்கிவிடும். வெயிலில் நைலானை விட பாலியஸ்டர் தாங்கும். ரெக்சினில் தையலை நெருக்கிப் போடக் கூடாது. தபால் தலை கிழிகிற மாதிரி ஓட்டை வழியே கிழிந்துவிடும். கூடாரம், மழை உறை என்றால் ஊசி போட்ட ஓட்டை வழியே தண்ணீர் வரும். தையல் மேல் பசையோ டேப்போ போட்டு அடைக்க வேண்டும்.

எதுவரை தாங்கும்?

சிங்கரோ உஷாவோ, வீட்டு மெஷின் வீட்டு மெஷின்தான். இரண்டு மூன்று மடிப்புப் பைத் துணியும் ஒரு பட்டையும் தைக்கும். பட்டை மேல் பட்டை வரும் மூலைகளில் காலை எடுத்துவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றித் தைக்கணும். நாள் முழுக்கத் தார்ப்பாய் தைக்க அதை நம்பினால் ஊசி முறியும், மேல் துணி நழுவும். அதற்கென்று மேல் பாதமும் சேர்ந்து துணியை நகர்த்தும் தொழிற்சாலை மெஷின் இருக்கிறது. ஆர்டர் பிடிப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று மட்டும் எந்த மெஷினிலும் வீட்டில் தைக்க வேண்டாம்: பாறை ஏறுகிறவர் இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட். பை கிழிந்தால் சாமான்தான் விழும். பெல்ட் கிழிந்தால் மனுஷன் விழுவான்.

அனுபவமுள்ள தையல்காரர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். சொல்லும் விலையோடு ரிப்பேர் செலவையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை புது மெஷின் விலையைத் தொட்டால், "போயிட்டு வரேன் அண்ணே" என்று கிளம்பிவிடலாம்!