வயலில்லாத பொங்கல்

"இருந்த வயலையும் விட்டுவிட்டு வந்துவிட்டோம். இனி எங்களுக்கு ஏது பொங்கல்?" தை மாதம் நெருங்கும்போது இடம்பெயர்ந்த குடும்பங்களில் எழுகின்ற கேள்வி இது. நியாயமான கேள்விதான். தன் கையால் விதைத்து, தன் கையால் அறுத்த நெல்லைக் குற்றிப் பொங்கியவர்களுக்கு நிவாரண அரிசியைப் பானையில் இட மனம் வராது. பெரியவர்கள் மனம் சோர்ந்து ஒதுங்கிவிட, பிள்ளைகளுக்கு அந்த நாளும் மற்ற நாட்களைப் போலவே கழிந்துவிடுகின்றது. இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் போனால் பொங்கல் என்பது பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மட்டும் படிக்கின்ற ஒன்றாகிவிடும்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய மக்கள் எமது நாட்டின் நடுவிலேயே வாழ்கிறார்கள். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா என்று பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் மக்களே அவர்கள். சுற்றிலும் தேயிலை மட்டுமே நிற்கும் சரிவுகளில், சொந்தமாக ஒரு பாத்தி வயலும் இல்லாமல், நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் உழவர் திருநாளைக் கொண்டாடி வருகிறார்கள். அது எப்படி முடிந்தது என்பதை அறிந்துகொள்வது எம் எல்லோருக்கும் பயன்படும்.

கோப்பிக் காலமும் தேயிலைக் காலமும்

மலையக மக்களின் முன்னோர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் கிராமத்தவர்கள். பஞ்சமும் கடனும் அவர்களைத் துரத்தின. கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர். அந்த வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் இடம்பெற்றதைப் பலர் அறிவீர்கள்.

தொடக்கத்தில் இம்மலைகளில் இருந்தது கோப்பி. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வந்து, வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். திருநாள் பெருநாளெல்லாம் ஊரிலேயே நடந்தன. 1869 ஆம் ஆண்டில் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கின. ஊர் திரும்ப முடியாமற் போனபோது ஊரின் திருநாட்களையே மலைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு காம்பராவும் அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பும் மட்டுமே சொந்தம் என்றிருந்த இடத்தில் இது நடந்தது.

தையும் மாசியும்

நுவரெலியாவில் தை மாதம் கடுங்குளிர். விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. மழை குறைந்து கொழுந்தும் குறைகின்ற காலம். சம்பளத்திலும் அது தெரியும். அரிசி கடையிலிருந்து வருகிறது. கரும்பும் மாவிலையும் கீழ்ப் பகுதிகளிலிருந்து வரவேண்டும். அப்படியிருந்தும் முதல் நாளே வாசலைச் சாணமிட்டு மெழுகி, அரிசிமாவில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, கவ்வாத்து மலையிலிருந்து சேர்த்த மிலாறை அடுக்கிப் பொங்கல் பொங்குகிறார்கள். மறுநாள் மாடு வைத்திருப்போர் அதைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை போடுகிறார்கள். லயத்தின் ஓரத்தில் மரக்கறித் தோட்டம் வைத்திருப்போர் அதில் விளைந்ததையும் படைக்கிறார்கள். வயல் இல்லை என்பதற்காக அவர்கள் சூரியனுக்கும் மாட்டுக்கும் மண்ணுக்கும் நன்றி சொல்வதை நிறுத்தவில்லை.

மாசி மாதம் காமன் கூத்துக்குரியது. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலில் வைக்கோற்புரி சுற்றிய கம்பத்தை ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவுகளில் தப்பு ஒலிக்கும். ரதியும் மதனும் ஆடிவருவார்கள். பௌர்ணமியை அண்டிய இரவில் மதன் எரிவதும், பின்னர் அவன் உயிர்பெறுவதும் கூத்தின் முடிவு. இதற்குக் கூலிக்கு அழைத்துவந்த கலைஞர் எவரும் இல்லை. பகலில் மலையில் வேலை செய்தவரே இரவில் மதனாகிறார், வீரபத்திரனாகிறார், யமனாகிறார். அட்டையையும் பளபளக்கும் கடதாசியையும் கண்ணாடித் துண்டுகளையும் கொண்டு கிரீடம் செய்பவரும் அதே லயத்தவர்தான். பாட்டுகள் வாய்வழியே தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தவை. ஒரு காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியதும் இதே தப்புத்தான். மாசி இரவுகளில் அது அவர்களுக்கே உரியதாக ஒலித்தது.

சித்திரை முதல் ஆடி வரை

சித்திரைப் புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான நாள். பலகாரத் தட்டுகள் லயத்திலிருந்து அயற் கிராமத்துக்கும், கிராமத்திலிருந்து லயத்துக்கும் போய்வரும். எண்ணெயில் பொரித்த கொக்கிசும் பணியாரமும் ஒரே தட்டில் இருப்பதைக் காணலாம். பகைமை மூண்ட ஆண்டுகளிலும் இந்தத் தட்டுகள் சில இடங்களில் நிற்கவில்லை என்பது எம் மனதிற் கொள்ளத்தக்கது.

மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் எடுக்கும் முளைப்பாரி விவசாயிகளாகிய எமக்குத் தனிச் சிறப்புடையது. ஒரு மண்சட்டியில் மண்ணும் காய்ந்த எருவும் இட்டு, ஊறவைத்த பயறு வகைகளையும் தானியங்களையும் தூவி, வெளிச்சம் படாத மூலையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வருவார்கள். இருட்டில் முளை வெளிர்நிறமாக நீண்டு வளரும். சில நாட்களில் தலையிற் சுமந்து சென்று நீரில் கரைப்பார்கள். இது வழிபாடு. அதே வேளையில் எந்த வீட்டு விதை நன்றாக முளைக்கிறது, எது பழுதாகிவிட்டது என்று ஊரே பார்த்துக்கொள்ளும் விதைச் சோதனையாகவும் இதனைப் பெரியவர்கள் விளக்குவார்கள். நிலத்தை விட்டு வந்த குடும்பம் முளைப்பாரி போட்டால், திரும்பிப் போகும் நாளுக்கான விதையும் கையில் இருக்கும்.

ஆடியில் ஹட்டன் பக்கத்து மலைகளில் தென்மேற்குப் பருவமழை ஓயாது. படங்கைச் சுற்றிக்கொண்டு நனைந்தபடியே கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண்களுக்கு அடுப்படியே தஞ்சம். பாட்டிமார் கதை சொல்வதும், விடுகதை போடுவதும், கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்து விரிப்பாக்குவதும் இந்த இரவுகளில்தான்.

வீட்டுச் சடங்குகளும் இப்படியே. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென்று தீர்மானமானது. அக்கா இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தாய்மாமன் கப்பலேறிவிட்ட வீட்டில் ஊர்முறையில் மாமனாகின்ற ஒருவர் மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வார். உறவு குறைந்த இடத்தை அயல் நிரப்பியது.

தீபாவளியும் கடனும்

இவ்வளவும் சொன்ன நாம் ஒரு கசப்பான விடயத்தையும் சொல்லவேண்டும். தோட்டத்தில் மிகப் பெரிய பண்டிகை தீபாவளி. அன்றாடம் ரொட்டியும் சம்பலும் உண்ணும் வீட்டில் அன்றைக்குத்தான் இட்லி, தோசை, முறுக்கு, அதிரசம், ஆட்டிறைச்சி. இதற்காகத் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுக்கப்படுகிறது. அது நன்கொடை அன்று. பின்வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணை முறையில் கழிக்கப்படும் கடன். அத்தோடு கடைக்கடனும் சேர்ந்தால் ஒரு நாள் மகிழ்ச்சிக்குப் பல மாத உழைப்பு போய்விடும். பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காசில்லாமற் போவது அதன் பின்னரே.

பணம் போகும் வழியைப் பார்த்தால் வீட்டிற் செய்யும் பலகாரத்துக்குச் செல்வது சிறு பங்கே. கடையில் வாங்கும் உடை, வெடி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாராயம் ஆகியவையே பெரும் பங்கை விழுங்குகின்றன. குடித்துவிட்டு வரும் ஒருவரால் ஒரு வீட்டின் தீபாவளி அழுகையில் முடிவதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. பகல் முழுவதும் கூடை சுமந்து, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாயே இரவிரவாக மா இடிக்கிறாள், அரைக்கிறாள், சுடுகிறாள். கையால் செய்யும் பண்டிகை என்று நாம் புகழும்போது அது யாருடைய கை என்று கேட்கவேண்டும். நாலைந்து வீட்டார் மாவையும் எண்ணெயையும் ஒன்றுசேர்த்து ஒரே அடுப்பில் பலகாரம் சுட்டால் செலவும் குறையும், வேலையும் குறையும். ஆண்கள் உலக்கை பிடிப்பதால் எவருடைய மதிப்பும் குறையாது.

மார்கழி

மார்கழியில் சிறுவர்கள் விடியுமுன் எழுந்து, பனியில் நடுங்கிக்கொண்டே லயம் லயமாகப் பஜனை பாடிச் செல்வார்கள். வீட்டுக்காரர் சில்லறையோ பலகாரமோ கொடுப்பார்கள். அதே மாதத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மூங்கிற் சிம்பில் மெல்லிய கடதாசி ஒட்டி நட்சத்திரக்கூடு செய்வார்கள். பாறையில் வளரும் பாசியைப் பெயர்த்து வந்து பாலன் குடில் அமைப்பார்கள். நட்சத்திரம் ஒட்டும் பிள்ளைகளில் பஜனைக்குப் போய்வந்த பிள்ளையும் இருக்கும். கூடு கட்டும் கைப்பழக்கம் வைகாசியில் வெசாக் கூட்டுக்கும் உதவும்.

இழப்பின் நடுவே

மலையக மக்களுக்கு இடப்பெயர்வு புதிதன்று. 1977 ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின் பல குடும்பங்கள் தோட்டங்களைவிட்டு வன்னிக்கு வந்தன. காந்தியம் போன்ற அமைப்புகளின் உதவியோடு வவுனியாப் பகுதியில் காடு வெட்டிக் கமக்காரரானார்கள். போர் அவர்களை மீண்டும் மீண்டும் பெயர்த்தது. 2009 இல் மெனிக் பாம் முகாம்களில் இருந்தவர்களிலும் அவர்கள் உண்டு.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. தீபாவளி கழிந்து ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. அடுத்த தைப்பொங்கல் வந்தபோது தப்பியவர்கள் தற்காலிகத் தங்குமிடத்திலேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை மறுபடியும் சரித்தது. வீடும் பாத்திரமும் உடையும் படமும் மண்ணுக்குள் போய்விட்டன. கோலம் போடத் தெரிந்த விரல், கூடு கட்டத் தெரிந்த கை, தப்பின் அடி தெரிந்த காது ஆகியவை தப்பியவர்களோடு வந்தன.

ஆனால் தெரிந்தவர் இறந்துவிட்டால் அவையும் போய்விடும். இதனை உணர்ந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947 இல் தலவாக்கலையின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்ற அவர், கொழுந்து மலையிலும் தொட்டிலருகிலும் பாடப்பட்டவற்றைத் திரட்டி எழுதிவைத்தார். "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற அத்தொகுப்பு 1983 இல் வெளிவந்தது. மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் வீடிழந்த ஆண்டும் அதுவே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, ஆண்டுக்கு நாலைந்து நாட்களையாவது குடும்ப நாட்களாகக் குறித்துக்கொள்வோம். முகாமிலும் வாடகை வீட்டிலும் நாட்காட்டி நின்றுவிடக் கூடாது.

இரண்டாவதாக, கிடைக்கும் நல்ல விதையில் ஒரு பிடியை நன்கு காயவைத்து, அடுப்புச் சாம்பலோடு கலந்து போத்தலில் மூடி வைப்போம். பண்டிகை நாளில் பிள்ளைகளை விட்டுச் சிலவற்றை முளைக்கவைத்துப் பார்ப்போம்.

மூன்றாவதாக, பண்டிகைக்கென்று பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதச் சீட்டுப் பிடிப்போம். கடன் வாங்கிக் கொண்டாடும் நாள் எமக்கு வேண்டாம்.

நான்காவதாக, தாத்தா, பாட்டிமாரின் பாட்டையும் கதையையும் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதட்டும். பாடியவர் பெயரையும் அவர் ஊரின் பெயரையும் சேர்த்தே எழுதட்டும். அந்த ஊரை அப்பிள்ளை பார்த்திராமல் இருக்கலாம்.

வரும் தையில் அரிசி யார் கொடுத்தது என்று பார்க்க வேண்டாம். அதைச் சோறாக்குவது உங்கள் கை. மூன்று கல்லைத் தேடி வையுங்கள், விறகைப் பிள்ளைகள் பொறுக்கட்டும், கோலத்தை மகள் மட்டுமல்ல, மகனும் போடட்டும். வயலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த அடுப்படி நல்ல இடம்.