கிர்ர்ர்... சாப்பாடு ரெடி!

விடியற்காலை. டைமர் வெச்ச டப்பா ‘கிர்ர்’னு சுத்தி மக்காச்சோளத்தை இறைக்குது. தினமும் கேட்டுப் பழகின சத்தம். மான் ஓடி வருது. கொஞ்சம் தள்ளி, மறைவுல துப்பாக்கியோட ஒருத்தர்! அமெரிக்காவின் டெக்சாஸில், தனியார் நிலத்தில் இதுக்கு அனுமதி உண்டு.

‘இதுக்குப் பேர் வேட்டையா பாஸ்?’னு கேட்கிறவங்களும் வேட்டைக்காரங்கதான். தப்பிக்க மிருகத்துக்கும் ஒரு சான்ஸ் கொடுக்கணும்ங்கிறது, 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிவெச்ச பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் கொள்கை. ‘நின்னு தின்கிற மானைக் குறி தப்பாம சுடலாம், காயத்தோட ஓடித் துடிக்காது’ங்கிறது எதிர்க்கட்சி. அதுவும் நியாயம்தான்.

ஆனா, சுடப்படாத மான்கள்? எல்லாம் ஒரே இடத்துல வாய் வைக்குதே! மூளையை அரிக்கிற சி.டபிள்யூ.டி. நோய் எச்சில் வழியாவும் பரவும். மருந்து கிடையாது. 2002-ல் விஸ்கான்சினில் இந்த நோய் தெரிஞ்சதும், தீனி போடவே தடை போட்டாங்க.