பதவியோடு வரும் அனுமதி

கிளை மேலாளர் ஒருவர் மாறுதலாகிச் சென்றபின், பழைய கிளையின் பரிமாற்றங்களுக்கு அவரால் ஒப்புதல் அளிக்க இயலாது. எங்கள் கணினி வலையமைப்பில் காசாளர், கடன் பிரிவு, மேலாளர் எனப் பயனர் குழுக்களுக்கே அனுமதி வழங்குகிறோம். குழுவிலிருந்து பெயரை நீக்கினால் அனுமதியும் நீங்கிவிடும். குழுக்களை மாற்றியமைக்கும் நிர்வாகிக்கோ பணம் அனுப்பும் உரிமை இல்லை. ஒரு வலைக்களத்தின் நிர்வாகி, மற்றொரு களத்தில் சாதாரணப் பயனரே.

இக்கட்டுப்பாட்டின் தேவையை 2016 பிப்ரவரி நிகழ்வு உணர்த்தியது. வங்காளதேச மைய வங்கியின் வலையமைப்பில் ஊடுருவியோர், உரிமை பெற்ற பயனர்களின் கடவுச்சொற்களைத் திருடி, நியூயார்க்கில் அவ்வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து 8.1 கோடி டாலரைக் கவர்ந்தனர். அனுப்பிய கட்டளைகள் முறையானவையாகவே தோன்றின.

நிறுவனக் கணக்கு வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும். இணையவழிச் சேவையில் பரிமாற்றத்தைப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் அளிப்பவர் வேறொருவர் என அமைத்துக்கொள்ளுங்கள். கணக்காளர் பணியிலிருந்து விலகும் நாளிலேயே அவரது பயனர் உரிமையை நீக்குங்கள். அவரது கடவுச்சொல்லைப் புதியவரிடம் ஒப்படைக்காமல், புதியவருக்குத் தனிப் பயனர் பெயர் பெறுங்கள். எந்தத் தொகையை யார் அனுப்பினார் என்ற ஐயம் பின்னாளில் எழுந்தால், அப்பதிவே உங்களுக்குச் சான்றாக நிற்கும்.