நோயின் பெயரும் எண்ணும்

சங்கங்களின் பேரேடுகளைத் தணிக்கை செய்கையில் நாம் கூர்ந்து நோக்குவது 'இதர செலவு' என்னும் தலைப்பையே. நூல் வாங்கிய பணமும் வண்டிக் கூலியும் அதில் கலந்துவிட்டால், பணம் சென்ற வழி ஆண்டு முடிவில் எவர்க்கும் விளங்காது. மருத்துவமனைப் பதிவேடுகளிலும் இத்தகைய தலைப்புகள் உண்டு என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

அறுபதாம் நம்பர் நூல் என்றால் உறையூரிலும் சேலத்திலும் ஒரே பொருள்தான். அதுபோல நோய்களுக்கும் உலகப் பொதுவான எண்கள் உள்ளன. 1893-ஆம் ஆண்டில் மரணக் காரணங்களுக்கென எழுந்த இப்பட்டியலை 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் பேணி வருகிறது. 1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில், வைட்டமின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவுகளுக்கு ஈ 50 முதல் ஈ 56 வரையுள்ள எண்கள் ஒதுக்கப்பட்டன. ஈ 50 வைட்டமின் 'ஏ' குறைவையும், ஈ 54 'சி' குறைவையும், ஈ 55 'டி' குறைவையும் குறிக்கும்.

இவ்வெண்கள் காரணத்தையும் பிரித்துக் காட்டுவன. 'ஏ' குறைவால் வரும் மாலைக்கண் ஈ 50.5 ஆகும், வேறு காரணத்தால் வருவது எச் 53.6. முன்னதற்கு அச்சத்தை அளித்தலே மருந்து. பின்னதற்கு அது போதாது.

வைட்டமின் 'டி' வெயில் படும் தோலில் உண்டாவது. திருவரங்கத்து வாழைத் தோட்டத்தில் உழைப்பவர்க்கு வெயிலுக்குக் குறைவில்லை. உறையூரில் குழித்தறியில் காலை முதல் மாலை வரை அமர்ந்திருப்பவர் நிலை வேறு. இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலியென்று அவர் மருத்துவமனை செல்லுகிறார். சீட்டில் 'உடல் வலி' என்று மட்டும் இருப்பின் ஆர் 52 என்றும், 'அசதி' என்றிருப்பின் ஆர் 53 என்றும் பதிவாகும். இவையே அப்பேரேட்டின் 'இதர செலவுகள்'. உண்மையில் சத்துக் குறைவே காரணமாயினும் ஈ 55-இன் கணக்கில் அவர் ஏறமாட்டார். திட்டம் வகுப்போர் காண்பதோ எண்களின் தொகையை மட்டுமே.

இக்குறைவு எத்துணை மறைந்து நிற்கும் என்பதற்கு, தமிழ்நாட்டில் நடந்து 1990-இல் வெளியான ஆய்வொன்று சான்று. 15,000-க்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ' பெற்ற பிரிவில் மரணம் மற்றப் பிரிவினதில் பாதிக்கும் கீழே இறங்கியது. இத்தகைய மரணங்கள் பேதி என்றோ தட்டம்மை என்றோ பதிவாவதே வழக்கம். பின்னின்ற சத்துக் குறைவு ஏட்டில் ஏறுவதில்லை.

ஆதலின் அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தொழிலையும், நிழலில் அமரும் நேரத்தையும், பால், முட்டை, மீன் உண்பது உண்டா என்பதையும் மருத்துவரிடம் கேளாமலே கூறுக. இரண்டாவது, நோய்க்குத் தாமே பெயரிட வேண்டா. இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவரே முடிவு செய்வார். மூன்றாவது, குறைவு உறுதியானால் அதன் முழுப் பெயரையும் சீட்டில் எழுதுமாறு பணிவுடன் கேட்டு, அச்சீட்டைப் பாதுகாத்து வைக்க. மருத்துவர் எழுதிய சொல்லைக் கொண்டே பதிவாளர் எண்ணிடுவர்.

பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதில் எண்கள் மாறியுள்ளன. எனினும் தெளிவாக எழுதிய பெயருக்கே சரியான எண் கிட்டும் என்னும் விதி மாறவில்லை. எழுதப் படிக்க அறியாத அங்கத்தினர்க்கு இதனை அடுத்த சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுமாறு காரியதரிசிகளை வேண்டுகிறோம்.