இரவல் வாங்கிய ஒப்பாரி

1453 மே 29 அன்று கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் வசமானது. அந்த நகருக்காக நான்கு புலம்பல்கள் இயற்றியதாக இசையமைப்பாளர் கியோம் டுஃபாய், ஃபிளாரன்ஸின் மெதிச்சி குடும்பத்துக்கு எழுதினார். நமக்குக் கிடைத்திருப்பது ஒன்று.

நான்கு குரல்கள் சேரும் அந்தப் பாட்டில் இரண்டு மொழிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. மேற்குரலில் திருச்சபை, மகனுக்கு நேர்ந்த கொடுமையைக் கடவுளிடம் முறையிடும் தாயாகப் பிரெஞ்சில் அழுகிறது. கீழே டெனர் குரல், நண்பர்களெல்லாம் கைவிட்டதை லத்தீனில் நீட்டி நீட்டிச் சொல்கிறது. இரண்டையும் பிரித்துக் கேட்பது கடினம். ஆனால் புனித வாரம்தோறும் அந்த லத்தீனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சில சொற்களே போதும்.

அது பைபிளின் புலம்பல் நூல். பாபிலோனியர் எருசலேமை அழித்தபோது யூதர்கள் அழுத அழுகை. மூலத்தில் பெரும்பாலான வசனங்கள் எபிரேய அகரவரிசைப்படி தொடங்கும். லத்தீனில் பாடியவர்களும் அந்த வசனங்களுக்கு முன்னால் ஆலெஃப், பேத், கீமெல் என்று அந்த எழுத்துகளின் பெயரை ராகமிழுத்துப் பாடினார்கள். எழுத்துக்கு இருந்த இடம் அதன் சொந்தக்காரர்களுக்கு இல்லை. 1394இல் மன்னர் ஆறாம் சார்லஸ் யூதர்களைப் பிரான்ஸிலிருந்து வெளியேற்றினார். புனித வெள்ளி வழிபாட்டில் மற்ற மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்டவர்கள், யூதர்களுக்கான மன்றாட்டுக்கு முழந்தாளிடவில்லை.

அன்றைய இறையியலுக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. பழைய எருசலேம் திருச்சபையின் முன்னடையாளம். ஆகவே அதன் துயரமும் திருச்சபையின் சொத்து. ஒரு வசைச்சொல்கூட இல்லாமல் யூதர்களை அவர்களுடைய அழுகையிலிருந்தே விலக்கிவிட இந்த வாதம் போதுமானதாக இருந்தது.

ஆனால் இரவல் வாங்கிய வரி வாங்கியவர்களையே குத்துகிறது. பாட்டில் துருக்கியரின் பெயர் ஓரிடத்திலும் வராது. டெனரின் குற்றச்சாட்டு முழுக்க நண்பர்கள்மேல்தான். 1454 பிப்ரவரியில் லீல் நகரில் பர்கண்டிக் கோமகன் பிலிப் ஒரு விருந்து வைத்தார். திருச்சபை வேடமிட்டவர் யானைமேல் வந்து, வீழ்ந்த நகருக்காக உதவி கேட்டார். சராசென் (முஸ்லிம்) வேடமிட்ட ராட்சதன் ஒருவன் யானையை நடத்தி வந்தான். கோமகன் சிலுவைப்போர் சபதம் எடுத்தார், கடைசிவரை போகவில்லை. அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன், 1204இல், அதே கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியதும் மேற்கிலிருந்து போன சிலுவைப்படைதான். கைவிட்ட நண்பர்கள் யார் என்று டெனர் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.