பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு பெயர்

ரெஸ்லிங் பார்க்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வாக்குவாதம் வராமல் இருக்காது. "எல்லாம் முன்னாடியே பேசி வச்சு அடிச்சுக்கறாங்க, இதுக்கு ஒரு பெல்ட் வேற!" என்போம் நாம். "தெரியும்ப்பா, அதனால என்ன?" என்பார்கள் அவர்கள். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அமெரிக்க ரெஸ்லிங்கில் ஆரம்பித்து இப்போது ஜப்பானுக்குப் போய்விட்டான். அவனோடு உட்கார்ந்து பார்க்கப் போய், எனக்கும் ஒரு பட்டத்தின் வரலாறு தெரியவந்தது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

இன்று 'ஆல் ஜப்பான்' நிறுவனத்தின் பெரிய பட்டம் 'டிரிபிள் கிரவுன்'. மூன்று பழைய பட்டங்களைச் சேர்த்து உருவாக்கியது. மூன்றில் மூத்தது 'இன்டர்நேஷனல் ஹெவிவெயிட்'. அதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் ரிக்கிடோசன்.

தெருவோர டிவியின் நாயகன்

போரில் தோற்று, அமெரிக்க ராணுவத்தின் ஆட்சியில் ஏழு வருடம் இருந்துவிட்டு, அப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருந்தது ஜப்பான். 1954 பிப்ரவரியில் ஷார்ப் சகோதரர்கள் என்ற இரண்டு வெள்ளைக்கார ராட்சசர்கள் டோக்கியோவுக்கு வந்தார்கள். முன்பு சுமோ வீரராக இருந்த ரிக்கிடோசன், வெறும் கையை வாள் மாதிரி வீசி அவர்களை அடித்தார். வீட்டில் டிவி வாங்க அன்று பெரும்பாலோருக்கு வசதி கிடையாது. ரயில் நிலைய வாசல்களிலும் தெருமுனைகளிலும் வைத்திருந்த டிவி பெட்டிகளுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் நின்று பார்த்தார்கள். 'ஒரு ஜப்பானியன் அமெரிக்கனை அடிக்கிறான்' என்பதுதான் அந்தக் கூட்டத்தின் சந்தோஷம்.

நம் தாத்தாக்கள் தாராசிங்கோடு சேர்த்துப் பேசும் கிங்காங் ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பூரையும் மலாயாவையும் கலக்கிய அதே கிங்காங்கை 1955-ல் டோக்கியோவில் வென்றுதான் ரிக்கிடோசன் ஆசியப் பட்டம் எடுத்தார். 1957 அக்டோபரில் உலகச் சாம்பியன் லூ தெஸ் ஜப்பான் வந்தபோது, ஒரு மணி நேரம் மோதியும் வெற்றி தோல்வி இல்லை. அந்த ஒளிபரப்பை 87 சதவீதம் பேர் பார்த்ததாகக் கணக்கு. அடுத்த வருடம் ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் அதே தெஸ்ஸை வென்று இன்டர்நேஷனல் பட்டத்தோடு ரிக்கிடோசன் திரும்பி வந்தார்.

மறைத்த ஊர், மறைத்த பெயர்

அந்த 'ஜப்பானியனின்' இயற்பெயர் கிம் சின்-ராக். பிறந்தது இன்றைய வடகொரியாவில். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த காலத்தில், சுமோவில் சேர ஜப்பான் வந்த கொரியப் பையன் அவர். ரசிகர்களுக்குச் சொன்ன கதையோ வேறு: மோமோட்டா என்ற ஜப்பானியக் குடும்பப் பெயர், நாகசாகி பக்கம் ஓமுரா என்ற ஊரில் பிறப்பு.

ஏன் மறைத்தார் என்பதற்கு ஒரு சின்ன வரலாற்றுக் குறிப்பு போதும். காலனி காலத்தில் கொரியர்களை 'ஜப்பானியக் குடிமக்கள்' என்றார்கள். 1952-ல் சமாதான ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், ஜப்பானில் வாழ்ந்துகொண்டிருந்த லட்சக்கணக்கான கொரியர்கள் ஒரே நாளில் அந்தக் குடியுரிமையை இழந்தார்கள். வேலை, வாடகை வீடு, கல்யாணம் என்று எதற்குப் போனாலும் கொரியப் பெயர் ஒரு சுமை. அதனால் பலர் வெளியே ஜப்பானியப் பெயரும் வீட்டுக்குள் கொரியப் பெயருமாக வாழ்ந்தார்கள். நாட்டின் மானத்தைக் காப்பாற்றும் வீரன் கொரியன் என்று தெரிந்தால் அந்தக் கூட்டம் கைதட்டியிருக்குமா? ரிக்கிடோசன் அந்தச் சோதனையை வைத்துப் பார்க்கவே இல்லை.

1963 ஜனவரியில் அவர் சியோலுக்குப் போனார். அங்கே பெரிய வரவேற்பு; ஜப்பானில் அதைப் பற்றி அதிகம் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அதே வருடம் டிசம்பர் 8 அன்று டோக்கியோ இரவு விடுதி ஒன்றில் நடந்த தகராறில் கத்திக்குத்து பட்டு, ஒரு வாரத்தில் இறந்துபோனார். வயது 39. அவர் யார் என்பது ஜப்பானியர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகுதான்.

மூன்று சீடர்கள்

அவருடைய சீடர்களில் மூன்று பேர் முக்கியமானவர்கள். ஜயன்ட் பாபா, பேஸ்பால் விட்டு வந்த உயரமான மனிதர். அன்டோனியோ இனோக்கி, குடும்பத்தோடு பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து காபித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த பையன். 1960-ல் ரிக்கிடோசன் பார்த்து அழைத்துவந்தார். மூன்றாமவர் கிம் இல். தென்கொரியத் தீவு ஒன்றில் பிறந்தவர். ரிக்கிடோசனிடம் கற்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் 1950களில் முறையான அனுமதி இல்லாமல் கடல் தாண்டி வந்து பிடிபட்டார். குருவின் முயற்சியால்தான் வெளியே வந்தார். ஜப்பானிய மேடையில் அவருக்குக் கிடைத்த பெயர் ஓகி கின்டாரோ.

குரு போன பிறகு, 1965-ல் பாபா இன்டர்நேஷனல் பட்டத்தை வென்று, நடுவே சில தடவை இழந்து மீட்டு, 1972 வரை வைத்திருந்தார். அந்த வருடம் பாபா பிரிந்துபோய் ஆல் ஜப்பான் நிறுவனத்தைத் தொடங்கியதும் பட்டம் காலியானது. டிசம்பரில் போபோ பிரேசில் என்ற அமெரிக்க வீரரை வென்று அதைக் கைப்பற்றியவர் கிம் இல். சில மாதங்களில் பழைய நிறுவனம் மூடப்பட்டது. கிம் இல் பட்டத்தைக் கொரியாவுக்கு எடுத்துப்போனார். 1981 வரை அது அவரிடமே இருந்தது. டோக்கியோவில் ஓகி கின்டாரோ, சியோலில் கிம் இல். தலையால் முட்டி எதிராளியைச் சாய்க்கும் அவருக்காகக் கொரியக் கிராமங்களில் டிவி உள்ள வீட்டு முற்றம் நிறைந்து வழிந்தது.

குரு தன் பெயரை மறைத்து வென்ற பட்டம். அதைச் சீடன் சொந்த ஊரில், கொரியப் பெயரோடு நின்று காப்பாற்றினான். இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை எந்த நிறுவனமும் திட்டமிட்டு எழுதவில்லை.

ஒரே ஒலிம்பிக், இரண்டு கொடி

கிம் இல் விட்டுக்கொடுத்த பட்டம் பாபாவின் ஆல் ஜப்பானுக்கு வந்தது. 1983-ல் அதை வென்றவர் ஜம்போ ட்சுருடா. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காக மல்யுத்தம் ஆடியவர்.

அதே ஒலிம்பிக்கில் இன்னொரு இளைஞனும் இருந்தான். ஜப்பானில் பிறந்து, ஜப்பானியப் பள்ளியில் படித்து, டோக்கியோ பல்கலைக்கழகம் ஒன்றில் மல்யுத்தம் பழகியவன். ஆனால் கொரியக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் ஜப்பானியக் குடியுரிமை இல்லை. தென்கொரியாவின் சட்டை போட்டுத்தான் மியூனிக் போனான். பிறகு ரெஸ்லிங்குக்கு வந்து வைத்துக்கொண்ட பெயர் ரிக்கி சோஷு. 'ரிக்கி' என்பது ரிக்கிடோசனிலிருந்து வந்தது. 'சோஷு' அவன் பிறந்த மாகாணத்தின் பழைய பெயர். குருபரம்பரையும் பிறந்த மண்ணும் ஒரே பெயரில்.

இரண்டு பேரும் 1985 நவம்பரில் ஒசாகாவில் மோதினார்கள். அறுபது நிமிடம், முடிவில்லை. அடுத்த வருடம் ஸ்டான் ஹேன்சனை வென்று சோஷு பி.டபிள்யூ.எஃப். பட்டத்தை எடுத்தார். 1989 ஏப்ரல் 18 அன்று ட்சுருடா தன் இன்டர்நேஷனல் பட்டத்தோடு, ஹேன்சனிடம் இருந்த பி.டபிள்யூ.எஃப்., யுனைடெட் நேஷனல் இரண்டையும் சேர்த்து வென்றார். அப்படிப் பிறந்ததுதான் டிரிபிள் கிரவுன். பல வருடங்கள் சாம்பியன்கள் மூன்று பெல்ட்டையும் சேர்த்தே சுமந்தார்கள். 2013-ல்தான் புது ஒற்றை பெல்ட் வந்தது. பழையவை பாபாவின் மனைவியிடம் திரும்பிப் போயின.

நம்ம வீட்டுக்கு வருவோம்

இரண்டாம் தலைமுறையாக வளர்ந்த நமக்கு இதில் எதுவும் அந்நியம் இல்லை. டீச்சர் வாயில் நுழையவில்லை என்று பெயரைப் பாதியாக வெட்டிக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! வேலைக்கு விண்ணப்பம் போடும்போது ஒரு பெயர், பாட்டியிடம் போனில் பேசும்போது ஒரு பெயர் என்று வாழ்ந்தவர்களும் உண்டு. அது கோழைத்தனம் இல்லை, அன்றைய பிழைப்பு. ரிக்கிடோசனைப் பற்றிப் படித்த பிறகு, அப்படிச் செய்தவர்களைக் கேலி பேச எனக்கு மனம் வருவதில்லை.

மகனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "ஜெயிச்சப்போ அவங்க அம்மா எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க?" என்னிடம் பதில் இல்லை. அந்த வாரம் அவனுடைய ஃபுட்பால் கிளப் படிவம் வந்தது. சட்டையின் முதுகில் அச்சடிக்க என்ன பெயர் என்று ஒரு கட்டம். போன வருடம் மூன்று எழுத்தோடு முடித்திருந்தோம். இந்தத் தடவை படிவத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன்.