சுவரில் தொங்கும் செல்வம்

பழைய வீடு பாகம் பிரியும்போது, நிலத்தையும் நகையையும் நுணுக்கமாய்க் கணக்கிடும் நாம், கண்ணாடிச் சட்டமிட்ட படங்களை ஒரு பொருட்டாய் எண்ணுவதில்லை. தெருவில் வரும் வியாபாரி சட்டத்தின் தேக்கு மரத்திற்கு மட்டும் விலை சொல்கிறார். படம் இனாமாகப் போய்விடுகிறது. இது சரிதானா?

1985-ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காரைக்குடிக்குச் சென்று பாருங்கள். பர்மா வாணிகம் நொடித்தபின், செட்டிநாட்டு மாளிகைகள் பலவற்றின் பொருள்கள் விலைக்கு வந்தன. அங்குள்ள முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் அத்தகைய படங்களை இன்றும் காணலாம்.

அவற்றுள் புகழ்மிக்கவை இரவிவர்மா அச்சுப்படங்கள். 1894-இல் பம்பாயில் இரவிவர்மா தொடங்கிய அச்சகம், பின்னர் லோனாவலா அருகே மாளவ்லிக்கு மாறி, ஜெர்மானியரான ஷ்லைக்கர் கைக்குச் சென்றது, 1972-இல் தீக்கிரையாயிற்று. நிறத்திற்கு ஒரு கல்லாகப் பல கற்களில் ஒற்றி எடுத்த படங்கள் அவை. அரண்மனையில் இருந்த ஓவியத்தை ஏழையின் சுவருக்குக் கொணர்ந்த பெருமை அவற்றிற்கு உண்டு.

ஆனால் ஏலச் செய்தியைப் படித்து மயங்க வேண்டா. கோடிகளில் விலைபோவது ஓவியர் தம் கையால் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியமே. பூதக்கண்ணாடியால் நோக்குங்கள், நிறங்கள் புள்ளி புள்ளியாய்த் தெரிந்தால் அது அச்சுப்படம். அதற்கும் மதிப்புண்டு, எனினும் அது வேறு மதிப்பு. ஏலத்தில் வாங்குவோர், கேட்ட விலையோடு ஏல நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேரும் என்பதை அறிந்து, தம் எல்லையை முன்னரே வகுத்துக்கொள்வது நலம்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் கூடாது. இரவிவர்மாவின் மூல ஓவியங்களுக்கும் இத்தடை உண்டு.

பாம்பன், தங்கச்சிமடம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றே முதற்பகை. கடலை நோக்கிய சுவரிலும், வெயில் படும் இடத்திலும் படத்தை மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்திற்கும் இடையே காற்று உலவும். கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தால், நீர் உள்ளிறங்கிக் காகிதம் பூசணம் பிடிக்கும். இராமபாணப் பூச்சி அரித்துள்ளதா என்று ஆண்டுக்கொருமுறை பின்பலகையைத் திறந்து பாருங்கள்.

விற்றே ஆகவேண்டிய நிலை வந்தால், உடன்பிறந்தார் அனைவரிடமும் கலந்து, இருவரிடமேனும் விலை கேட்டு, இரசீது பெற்று விற்பதே முறை. ஆயினும் பாட்டனும் பாட்டியும் முழந்தாளிட்டுச் செபித்த திரு இருதயப் படத்திற்கு எந்த ஏலத்தில் விலை கூற முடியும்? அதை யார், எவ்வாண்டில் வாங்கினார் என்று ஒரு தாளில் எழுதிப் பின்புறம் வைத்துவிடுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் அதைச் சட்டத்திற்காக மட்டும் விற்கமாட்டார்கள்.